தாம

ஒரு போத்தல் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார்கள்.
நான் ஒன்றரை குடித்தேன்,
குறைந்துபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று.
எங்கள் தோட்டத்துப் பாதையில் ஓடும் பஸ்ஸுக்கு
இது எப்படித் தெரியும்?
குழிக்குக் குழி பல்லைக் கடித்து
டிக்கோயா ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினேன்.
இலக்கம் இருபத்தேழு.

இரண்டே கால் மணித்தியாலம்.
சுவரில் ஒட்டியிருந்த போஷாக்குப் படத்தில்
முட்டைகளை மூன்று தரம் எண்ணினேன்.
கூப்பிட்டார்கள்.
அடிவயிற்றில் களி தடவி அழுத்திப் பார்த்துவிட்டு
தாதி கழிப்பறைப் பக்கம் கை காட்டினாள்.
போயிட்டு வாங்க.
இவ்வளவு சின்னதை மேலால் பார்க்க முடியாதாம்,
உள்ளால் பார்க்க வேண்டுமாம்,
அதற்கு வெறும் வயிறுதான் நல்லதாம்.
அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.
மூத்திரம் மட்டும்
கோபித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வரவில்லை.

உள்ளால் என்றால் என்னவென்று யாரும் சொல்லியிருக்கவில்லை.
மெல்லிய கோல், அதற்கு ஓர் உறை.
வலிக்கவில்லை.
வலிக்குமென்று நான் முறுக்கிய கால்கள்தான் வலித்தன.

கடைசியாகக் குளித்தது எப்போ?
அட்வான்ஸ் போட்ட மறுநாள் என்றேன்.
தாதி அதைத் தேதியாக்கினாள்,
டொக்டர் வாரமாக்கினார்: ஏழு.
திரை ஐந்தரை என்றது.
கணக்கப்பிள்ளை புத்தகத்தில் போலவே
இங்கேயும் எனக்குக் கழிவு.

பிறகு அவர் சொன்னார்:
"தாம பேன்னே நே."
எனக்குக் கேட்டது கடைசிச் சொல் மட்டும்.
நே.
தபால் கந்தோரில், பொலிஸில், கிராம சேவகர் மேசையில்
காலம் காலமாய் என்னை வரவேற்ற சொல்.

வெளியே வாங்கில் நஸ்மியா இருந்தாள்,
ஹட்டன் டவுனில் துணிக்கடைக்காரி, இலக்கம் இருபத்தொன்பது.
"நே மட்டுமா சொன்ன?
முன்னுக்கு ஒண்டும் சொல்லல்லயா?"
என்னவோ தாம என்று...
"அதான் புள்ள முக்கியம். தாம எண்டா இன்னம்.
இன்னம் தெரியல்ல எண்டுதான் சொல்லீக்கி.
பை ஈக்கி, பைக்குள்ள சின்ன வளையம் ஈக்கி.
பத்து நாள் கழிச்சி வா."

பத்து நாள்
அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மலை ஏறினேன்.
காலையில் அது 'இனிமேல்' என்று இருந்தது,
பின்னேரம் 'இதுவரை இல்லை' என்று மாறியது.
இன்னும் ரெண்டு கிலோ, என்றார் கங்காணி.
இன்னும் ஒண்ணும் தெரியலையா, என்றார் சசிதரன்,
வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே.
ஒவ்வொரு தரம் பாத்ரூம் போகும்போதும்
துணியைப் பார்த்தேன். வெள்ளை. வெள்ளை.
ஒருநாள் ஒரு பொட்டு மண்ணிறம்.
அது சிலருக்கு வரும் என்றாள் குடும்பநல மாது,
வேறெதுவும் சொல்லவில்லை.

கொழுந்து மாதிரி என்று சொல்ல எனக்கு இஷ்டமில்லை.
கொழுந்தை நிறுப்பார்கள்,
ஈரம் என்று சொல்லிக் குறைப்பார்கள்.

இரண்டாம் தரம் தண்ணீர் குடிக்கவில்லை.
டொக்டர் திரையை என் பக்கம் திருப்பினார்.
சத்தம் கேட்கும் என்றிருந்தேன்.
சத்தமில்லை.
சாம்பல் நிறத்துக்குள் அரிசியளவு ஒன்று,
அதற்குள்
நிறுத்தத் தெரியாத ஒரு மினுக்கம்.
"பேனவா," என்றார்.
அதை யாரும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை.

வெளியே வந்து செருப்பைத் தேடும்போது
எனக்குப் பின்னால் போனவள் வெளியே வந்தாள்,
பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும்.
துண்டை நாலாய் மடித்து, பிறகும் மடித்து,
இனி மடிக்க முடியாத அளவில் கைக்குள் வைத்திருந்தாள்.
கேட்கலாம் என்று கிட்டப் போனேன்.
அவளிடம் சொன்னதில்
தாம இருந்ததா இல்லையா தெரியாது.
வாங்கில் இடம் விட்டு உட்கார்ந்தேன்.
என் பஸ் போய்விட்டது.